கழனியும் ஏரியும் ஒரே குடும்பம்: சிறு விவசாயிக்குச் சூழலியல் பாடம்

பிரம்மதேசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, மாலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு "உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர்" என்று உரக்கப் படிக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருக்கும் தகப்பனார் அதைக் காதில் வாங்குவதில்லை. பரீட்சைக்கு வேண்டிய பாடம், நமக்கு எதற்கு என்பது அவர் எண்ணம்.

உண்மையில் அந்தப் பாடம் முழுவதும் அவருடைய கழனியில்தான் நடந்துகொண்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், பூச்சிமருந்துக் கடையிலும் உரக் கடையிலும் அவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். தெரியாமல் இருந்தால், கடன் வாங்கித் தெளித்த மருந்தே பூச்சியைப் பெருக்கிவிடும். எப்படி என்பதைப் பார்க்கலாம்.

சூழலியல் என்றால் என்ன?

உயிரினங்களுக்கும் அவை வாழும் இடத்துக்கும், ஓர் உயிரினத்துக்கும் மற்றோர் உயிரினத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய படிப்பே சூழலியல். 1866ஆம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹெக்கல் இதற்குப் பெயர் வைத்தார். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. வீட்டில் யார் சம்பாதிக்கிறார், யார் சாப்பிடுகிறார், யார் கூட்டிப் பெருக்குகிறார் என்று கணக்குப் பார்ப்பதுபோல, இயற்கையின் வீட்டுக் கணக்கைப் பார்ப்பது இந்தப் படிப்பு.

மண், நீர், காற்று, வெயில் ஆகிய உயிரற்றவையும், செடி, பூச்சி, பறவை, கிருமி ஆகிய உயிருள்ளவையும் சேர்ந்து இயங்கும் அமைப்பை 'சூழ்நிலை மண்டலம்' என்பார்கள். 1935இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டான்ஸ்லி இந்தக் கருத்தை வகுத்துச் சொன்னார். ஒரு காடு சூழ்நிலை மண்டலம். ஓர் ஏரியும் அப்படியே. அரை ஏக்கர் நெல் வயலும் ஒரு சூழ்நிலை மண்டலம்தான்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. பிரம்மதேசத்தில் சோழர் காலத்துக் கற்கோயில்கள் இன்றும் நிற்கின்றன. அந்தக் காலத்திலேயே ஏரியைப் பராமரிப்பது ஊரின் வேலையாக இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் 'ஏரி வாரியம்' என்று தனிக் குழுவே சொல்லப்படுகிறது. ஏரிக்குக் கீழே கழனி, மேட்டில் கொல்லை, ஊரோரம் தோப்பு, அதற்கப்பால் மேய்ச்சல் தரை என்பது இந்தப் பகுதி ஊர்களின் அமைப்பு. ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கழனியும், மேட்டில் ஓர் ஏக்கர் கொல்லையும், இரண்டு மாடும், கிணற்றில் ஒரு பங்கும் உள்ள விவசாயி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கழனியில் நெல், கொல்லையில் மணிலா என்பது அவர் சாகுபடி.

சமைப்பவர், சாப்பிடுபவர், சுத்தம் செய்பவர்

வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு உணவு தயாரிக்கும் சக்தி பச்சைச் செடிகளுக்குத்தான் உண்டு. ஆகவே நெல், மணிலா, வரப்புப் புல், ஏரிப் பாசி எல்லாம் 'உற்பத்தியாளர்கள்'.

செடியைத் தின்னும் மாடு, தத்துப்பூச்சி, இலைச் சுருட்டுப் புழு, எலி ஆகியவை முதல்நிலை நுகர்வோர். இவற்றைத் தின்னும் சிலந்தி, பொறிவண்டு, தட்டான், தவளை, கரிச்சான் குருவி ஆகியவை இரண்டாம் நிலை. தவளையையும் எலியையும் பிடிக்கும் சாரைப்பாம்பு, கூகை, பருந்து ஆகியவை அதற்கும் மேல்நிலை.

செத்த செடியையும் சாணத்தையும் மக்கச் செய்து மீண்டும் மண்ணுக்குச் சத்தாகத் தருபவை மண்புழு, காளான், நுண்கிருமிகள். இவை 'சிதைப்போர்'. இவை இல்லாவிட்டால் உலகம் முழுவதும் சருகும் சவமும் குவிந்து கிடக்கும். அடுத்த பயிருக்கு மண்ணில் சத்தே இருக்காது.

நெல்லைத் தத்துப்பூச்சி தின்ன, அதைத் தவளை தின்ன, தவளையைப் பாம்பு தின்ன, பாம்பைப் பருந்து தூக்கிப் போவது 'உணவுச் சங்கிலி'. ஆனால் பாம்பு தவளையை மட்டும் தின்பதில்லை; எலியையும் தின்னும். சிலந்தி தத்துப்பூச்சியோடு அந்துப்பூச்சியையும் பிடிக்கும். இப்படிப் பல சங்கிலிகள் பின்னிக் கிடப்பதால் 'உணவு வலை' என்பதே பொருத்தமான பெயர். மீன் வலையில் ஓர் இழையை அறுத்தால் பக்கத்துக் கண்ணிகளும் தளர்வதுபோல, இந்த வலையிலும் ஒன்றை அழித்தால் மற்றதன் நிலை மாறிவிடும்.

பத்தில் ஒரு பங்கு

உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது சக்தியில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. மாடு தின்ற புல் முழுவதும் மாட்டின் சதையாக மாறுவதில்லை. நடக்க, மூச்சுவிட, உடல் சூடாக இருக்க என்று செலவு போக, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடலில் தங்குகிறது. 1942இல் அமெரிக்க விஞ்ஞானி லிண்டமன் ஏரிகளை ஆராய்ந்து இந்தக் கருத்துக்கு அடிப்படை போட்டார். பத்து என்பது எல்லா இடத்திலும் துல்லியமாகப் பொருந்தும் எண் அல்ல, தோராயக் கணக்கு.

கணக்கு எளிதாக இருக்க, 1,000 கிலோ பசுந்தழை என்று வைத்துக்கொண்டால், அதைத் தின்னும் பூச்சிகள் 100 கிலோ, பூச்சியைத் தின்னும் தவளைகள் 10 கிலோ, தவளையைத் தின்னும் பாம்பு 1 கிலோ என்று குறைந்துகொண்டே வரும்.

இதில் விவசாயிக்கு என்ன பாடம்? தீமை செய்யும் பூச்சிகள் எப்போதும் எண்ணிக்கையில் அதிகமாகவும், அவற்றைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள் குறைவாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே மருந்தால் கொன்றால், அதிகமாக இருந்தது விரைவில் மீண்டும் பெருகும். குறைவாக இருந்தது எழுந்து வர வெகுநாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் பயிர் போகிறது.

உணவு படிக்குப் படி குறைவதற்கு நேர்மாறாக, சில விஷங்கள் படிக்குப் படி கூடும். டி.டி.டி. போன்ற மருந்துகள் எளிதில் சிதையாமல் உடல் கொழுப்பில் தங்கிவிடும். பாசியில் அற்பமாக இருந்த விஷம், சிறு மீனில் கூடி, பெரிய மீனில் இன்னும் கூடி, அதைத் தின்னும் பறவையில் மிக அதிகமாகிறது. பல நாடுகளில் மீன் தின்னும் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துபோனதற்கு இதுவே காரணம். இந்தியாவில் விவசாயத்தில் டி.டி.டி. உபயோகம் 1989இல் தடை செய்யப்பட்டது.

புகையான் சொல்லும் பாடம்

நெல் விவசாயி யாருக்கும் புகையானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தது போலாகும்.

புகையானைக் கண்டதும் கையில் கிடைத்த மருந்தைத் தெளிப்பது வழக்கம். தெளிப்பான் வழியே மருந்து இலை மீது விழுகிறது. இலை மீது உலாவும் சிலந்தி, பொறிவண்டு, புகையான் முட்டையைத் தேடித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சி எல்லாம் முதலில் சாகின்றன. புகையானோ அடித்தூரில் மறைந்திருக்கிறது. அதன் முட்டைகள் இலை உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒரு வாரத்தில் முட்டை பொரித்துக் குஞ்சுகள் வரும்போது அவற்றைத் தின்ன வயலில் எதிரியே இல்லை. இரண்டாம் முறை தெளிக்கிறார், மூன்றாம் முறையும் தெளிக்கிறார். ஒவ்வொரு முறையும் புகையான் கூடுகிறது. மருந்துக்குத் தப்பியவை இனம் பெருக்குவதால், நாளடைவில் அந்த மருந்துக்கே அசையாத வம்சம் உருவாகிறது.

இந்தோனேசியாவில் இதே கதை நாடு தழுவி நடந்தது. அரசே மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தைப் பரப்பியது. புகையான் குறைவதற்குப் பதில் கொள்ளை கொள்ளையாகப் பெருகியது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு உபயோகித்த 57 மருந்துகளைத் தடை செய்து, வயலில் பூச்சிகளை எண்ணிப் பார்க்கும் முறையை விவசாயிகளுக்குக் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தது. மருந்துச் செலவு குறைந்தது, மகசூல் குறையவில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசிலும் இந்தச் சூழலியல் கணக்கு அடங்கியிருக்கிறது. வயலில் சிலந்தி இல்லையென்றால், தூர்க்கிளை ஒன்றுக்கு 1 புகையான் என்ற அளவிலேயே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு 1 சிலந்தி வீதம் இருந்தால், கிளைக்கு 2 புகையான் வரும்வரை பொறுக்கலாம். அதாவது குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரு மடங்கு பூச்சியைப் பயிர் தாங்கும். சிலந்திக்குக் கூலி கிடையாது.

எட்டடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுவது, தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுவது, புகையான் கண்டதும் தண்ணீரை வடித்துவிடுவது ஆகிய மூன்றும் புகையானுக்குப் பிடித்த நிழலையும் ஈரத்தையும் குறைக்கும். ஓர் உயிரினத்துக்கு ஏற்ற 'வாழிட'த்தை மாற்றினால் அது தானே குறையும் என்பது இதன் பின்னுள்ள தத்துவம்.

மணிலாக் கொல்லையிலும் இதே முறை உதவும். சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் உறங்கும். கோடை உழவில் அது மேலே வந்ததும் மைனாவும் காகமும் கொக்கும் ஏர் பின்னாலேயே வந்து பொறுக்கும். கொல்லை ஓரத்தில் ஆமணக்கு விதைத்தால், புரோடீனியா அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். முட்டைக் குவியல் உள்ள இலையைக் கிள்ளி எறிவது, கொல்லை முழுவதும் தெளிப்பதைவிடச் சுலபம்.

எலியும் கூகையும்

ஓர் இடத்தில் உள்ள உணவும் நீரும் மறைவிடமும் எத்தனை உயிர்களைத் தாங்குமோ, அந்த அளவுக்கு 'தாங்கு திறன்' என்று பெயர். அறுவடைக் காலத்தில் நெல் கிடைக்கிறது, பெரிய வரப்பில் வளை தோண்ட இடம் கிடைக்கிறது, எலி பெருகுகிறது. விஷம் வைத்துப் பத்து எலியைக் கொன்றாலும், உணவும் வளையும் இருக்கும்வரை பக்கத்து வயல் எலி வந்து குடியேறிவிடும். வரப்பைச் சிறிதாக்கி, புல் பூண்டைச் செதுக்கி, ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் நடவு செய்தால் வயலின் எலி தாங்கு திறனே குறையும்.

மிச்சத்தைக் கூகையும் சாரைப்பாம்பும் பார்த்துக்கொள்ளும். கூகை அலறினால் அபசகுனம் என்று கல்லெறிந்து துரத்துவதும், சாரையை நல்ல பாம்பு என்று பயந்து அடிப்பதும் இன்னும் நடக்கின்றன. பொந்துள்ள பழைய பனை மரத்தை வெட்டினால் கூகைக்கு வீடு போகிறது. கூகை வளர்க்கும் குஞ்சுகளுக்கு முக்கிய ஆகாரம் எலிதான். ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டு வைத்தால், இரவில் ஆந்தையும் பகலில் கரிச்சானும் உட்கார்ந்து வேட்டையாடும். கதிரில் பால் பிடிக்கும் தருணத்தில் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகள் அதில் வந்து உட்காரும்.

1958இல் சீனாவில், தானியம் தின்னுகிறது என்று சிட்டுக்குருவியை நாடு முழுவதும் அழிக்கும் இயக்கம் நடந்தது. குருவி தானியத்தோடு ஏராளமான பூச்சிகளையும் தின்பதை மறந்துவிட்டார்கள். குருவி போனதும் பூச்சிகள் பெருகிப் பயிரைத் தாக்கின. 1960இல் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

சுற்றி வரும் சத்துகள்

சக்தி ஒரு வழியாக வந்து செலவாகிப் போகும். சத்துகள் அப்படியல்ல, அவை சுற்றிச் சுற்றி வரும். மண்ணிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து மாட்டுக்கு, சாணமாக மீண்டும் மண்ணுக்கு என்பது அந்தச் சுற்று. சிறு விவசாயியின் தொழு உரக் குழி இந்தச் சுற்றின் அச்சாணி.

ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுக்கிறது. நெல் சந்தைக்குப் போகும்போது அதில் பெரும்பகுதி ஊரை விட்டே போய்விடுகிறது. வைக்கோல் மாட்டுக்குப் போய்ச் சாணமாகத் திரும்பினால் ஒரு பகுதி மீளும். கரும்புத் தோகையைக் கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து புகையாகப் போகும். மண்ணின் மேல்பரப்பு நுண்ணுயிர்களும் கருகும். தோகையை வரிசைக்கு இடையில் பரப்பி மக்கவிட்டால் ஈரமும் நிற்கும், களையும் குறையும்.

வயலில் இடும் யூரியாவில் பாதிக்கும் குறைவாகவே நெற்பயிருக்குச் சேர்கிறது. மீதி ஆவியாகவும் நீரோடும் போகிறது. ஏரிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்த பங்கு அங்கே பாசியை வளர்க்கும். ஆகவே ஒரே தடவையில் கொட்டும் யூரியா, விவசாயிக்கு இரட்டை நஷ்டம்.

காற்றில் 78 சதம் தழைச்சத்தே. ஆனால் செடி அதை நேரே எடுக்க முடியாது. மணிலா, உளுந்து ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் கிருமிகள் அதைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரைச் சத்து தருகிறது. இருவருக்கும் லாபமான இந்த உறவு 'கூட்டு வாழ்வு' எனப்படும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அறியலாம். கடலோரச் சவுக்குத் தோப்பிலும் வேறொரு வகைக் கிருமி இதே பணியைச் செய்கிறது.

மணிலா விதைக்கு ஹெக்டேருக்கு 600 கிராம், அதாவது ஏக்கருக்கு 240 கிராம் அளவில் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதை மீது பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கிருமி செத்துவிடும்.

நெல் நடுவதற்கு முன் தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து கிடைக்கும்.

பறவையும் உரம் தரும். திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வேடந்தாங்கலில் ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலக்க, அந்த நீர் பாயும் வயல்களில் விளைச்சல் நன்றாக இருப்பதை ஊரார் பல தலைமுறைகளாகக் கண்டிருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி அவர்களே அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உத்தரவு பெற்றனர். விஞ்ஞானம் விளக்குமுன்பே சத்துச் சுற்றைப் புரிந்துகொண்டவர்கள் அந்த விவசாயிகள்.

எது குறைகிறதோ அதுவே எஜமான்

பல பலகைகள் சேர்த்துச் செய்த மரத் தொட்டியில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால், தண்ணீர் அந்தக் குட்டைப் பலகையின் உயரத்துக்குத்தான் நிற்கும். மற்ற பலகைகளை உயர்த்திப் பயனில்லை. பயிரின் வளர்ச்சியும் அப்படியே. தேவையான சத்துகளில் எது மிகக் குறைவோ அதுதான் மகசூலைத் தீர்மானிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் ரசாயன அறிஞர் லீபிக் பரப்பிய விதி இது.

மணிலாவில் செடி தளதளவென்று இருந்து, பிடுங்கிப் பார்த்தால் காயெல்லாம் பொக்காக இருக்கும். தழைச்சத்து குறைவு என்று எண்ணி அடுத்த ஆண்டு யூரியாவைக் கூட்டினால் செடி இன்னும் தழைக்கும்; பொக்கு குறையாது. குட்டைப் பலகை அங்கே சுண்ணாம்புச் சத்து. மணிலாவின் விழுதும் காயும் அந்தச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. ஆகையால் விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கும்படி சிபாரிசு செய்யப்படுகிறது. இதில் கந்தகமும் சேர்ந்து கிடைப்பதால் எண்ணெய்ச் சத்தும் கூடும். டி.எம்.வி. என்று தொடங்கும் மணிலா ரகங்களின் பெயரே திண்டிவனத்தைக் குறிப்பது. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் ரகம், உரம் பற்றிய ஆலோசனை பெறலாம். மண்ணைப் பரிசோதித்துக் குட்டைப் பலகை எது என்று தெரிந்த பிறகு உரம் வாங்குவதே சிக்கனம்.

தரிசு தானே எழும்பும்

வெறும் நிலத்தை மேய்ச்சலும் நெருப்பும் இல்லாமல் விட்டால், முதலில் புல், பிறகு ஆவாரை போன்ற புதர், பிறகு மரம் என்று படிப்படியாகத் தாவரங்கள் வந்து சேரும். முன்னால் வந்தது மண்ணுக்கு நிழலும் மக்கும் சேர்த்து, பின்னால் வருவதற்கு வழி செய்கிறது. இதற்கு 'வழிமுறை வளர்ச்சி' என்று பெயர்.

வானூர் வட்டாரத்தில் 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த இடம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். முதலில் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். வறட்சி தாங்கும் மரங்களை நட்டார்கள். அவற்றின் நிழலில் இந்தப் பகுதிக்கே உரிய மரவகைகளைக் கொண்டுவந்தார்கள். இன்று அது காடு. கொல்லை மேட்டில் அரை ஏக்கர் பாழ்நிலம் வைத்திருப்பவருக்கு இதில் உள்ள பாடம்: முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும், மரம் பிறகு.

ஏரி நிறைந்தால்தான் கிணறு

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குத் தெற்கே உள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையில் ஏறக்குறைய பாதி அது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளமான பயிர் நீரில் மூழ்கியது. அத்தனை தண்ணீரும் வந்த வேகத்தில் கடலுக்குப் போனால், அடுத்த கோடையில் அதே ஊரில் கிணறு வற்றிக் கிடக்கும். வெள்ளமும் வறட்சியும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

இந்தப் பகுதி ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் அந்த நீர் கீழ் ஏரிக்குப் போகும். வரத்துக் கால்வாயை ஒருவர் அடைத்து நிலம் சேர்த்தால், மழைக்காலத்தில் அவர் பக்கத்து வயல் மூழ்கும். கோடையில் கீழ் ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் காயும். உணவு வலையில் சொன்ன விதியே தண்ணீருக்கும் பொருந்துகிறது.

திண்டிவனம், வானூர், மரக்காணம் பகுதிகளின் பல ஏரிகளின் உபரி நீர் கடைசியில் கழுவேலியில் சேருகிறது. அது கடலோடு தொடர்புள்ள உவர்நீர்ச் சதுப்பு நிலம். வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடும் பஞ்சு போன்றது. தூர தேசப் பறவைகள் வந்து தங்கும் இடமும்கூட. 2021 டிசம்பரில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கடலோர ஊர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நிலத்தடியில் நன்னீர், கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. விஞ்ஞானிகளின் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும். மேலே 1 அடி இறங்கினால், கீழே உப்பு நீர் 40 அடி ஏறி வரும். ஏறிய உப்பு நீரைத் திருப்பி அனுப்புவது லேசான காரியமல்ல. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் உப்பு ஏறாவிட்டாலும், ஒரே ஊற்றில் பத்து ஆழ்குழாய்க் கிணறு போட்டால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் இறங்கும். தாங்கு திறன் எலிக்கு மட்டும் உள்ள விதி அல்ல; ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் உண்டு.

செய்ய வேண்டியவை

1. மருந்து வாங்கப் போகுமுன் வயலில் இறங்கி 10 இடங்களில் குத்தைப் பிரித்து, தீமை செய்யும் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. நடவுக்கு எட்டடிக்கு ஓர் அடி பட்டம் விட வேண்டும். யூரியாவை மூன்று அல்லது நான்கு தவணையாகப் பிரித்து இட வேண்டும்.

3. பறவைக் குச்சிகள் நட வேண்டும். பொந்துள்ள பனையை வெட்டாமல் விட வேண்டும். சாரையை அடிக்கக் கூடாது.

4. மணிலாவுக்கு ரைசோபியம் விதை நேர்த்தியும் ஜிப்சமும் தவறக் கூடாது. கொல்லை ஓரத்தில் ஆமணக்கு வரிசை இருக்கட்டும்.

5. கரும்புத் தோகையையும் சருகையும் கொளுத்தக் கூடாது.

6. கோடையில் ஏரி வண்டல் எடுக்க அரசு அனுமதி உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, முறைப்படி அனுமதி பெற்று எடுத்து கொல்லைக்கு அடிக்கலாம். ஏரியும் ஆழமாகும், கொல்லையும் வளமாகும்.

7. ஐப்பசி மழைக்கு முன் ஊர் கூடி வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இவற்றில் முதல் ஐந்தையும் ஒரு விவசாயி தனியாகவே செய்யலாம். கடைசி இரண்டும் ஊர் சேர்ந்தால்தான் நடக்கும். எட்டடிக்கு ஓர் அடி பட்டம் விட்ட வயலுக்குப் பக்கத்து வயல்காரர் ஐந்து முறை மருந்து தெளித்தால் சிலந்தி அங்கும் இங்கும் சாகும். மேல் ஊர்க்காரர் கால்வாயை அடைத்தால் கீழ் ஊர்க்காரரின் கிணறு வற்றும். இதனால்தான் அந்தக் காலத்து ஊர்கள் ஏரிக்கு வாரியம் வைத்தன.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை புத்தகத்தில் படம் வரைந்து அம்புக்குறி போடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் அந்தப் பிள்ளையைக் கழனிக்கு அழைத்துச் சென்று, ஒரு குத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். சிலந்தி எத்தனை, புகையான் எத்தனை என்று பிள்ளை எண்ணிச் சொல்லட்டும். பிள்ளைக்குப் பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும். தகப்பனாருக்கு ஒரு தடவை மருந்துச் செலவு மிச்சமாகும்.